குழாயில் தண்ணீர் இல்லை. குற்றம் இரத்தத்தின் மேலாம்!

ஆஸ்திரேலியா பணக்கார நாடு. இரும்புத்தாதும் நிலக்கரியும் கம்பளியும் மாட்டிறைச்சியும் கப்பல் கப்பலாக ஏற்றி உலகச் சந்தைக்கு அனுப்புகிற நாடு. அந்த மண்ணுக்கு முதல் சொந்தக்காரர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் அங்கே ஆயுள் குறைவு. 2020 முதல் 2022 வரையிலான சர்க்கார் கணக்கை எடுத்துப் பாருங்கள். பூர்வகுடி ஆண் ஒருவர் எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 71.9 ஆண்டு, பெண்ணுக்கு 75.6 ஆண்டு. நாட்டின் மற்ற ஆண்கள் இதைவிட 8.8 ஆண்டும், மற்ற பெண்கள் 8.1 ஆண்டும் கூடுதலாக வாழ்கிறார்கள்.

எட்டு ஆண்டு என்றால் என்ன? மில்லில் முப்பது வருஷம் நின்று உழைத்துவிட்டு வெளியே வருகிற தொழிலாளியைக் கேளுங்கள். உடம்பு கொஞ்சம் ஓய்ந்து, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுகிற காலம் அது. அந்தக் காலம்தான் அங்கே பறிபோகிறது.

டாரஸ் நீரிணைத் தீவு மக்களையும் சேர்த்து, 2021ல் அந்த மக்களின் தொகை சுமார் 9,84,000. நாட்டின் ஜனத்தொகையில் 100க்கு 4 பேர்கூட இல்லை. இந்தக் கணக்காவது இப்போது கிடைக்கிறது. 1967 வரை, ஜனத்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்த்து எண்ணக்கூடாது என்று அந்த நாட்டின் அரசியல் சட்டத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது. ஆட்டுக்குக் கணக்கு இருந்தது. மாட்டுக்குக் கணக்கு இருந்தது. அவற்றை மேய்த்தவனுக்குக் கணக்கு இல்லை! அந்த ஆண்டு மே 27ந் தேதி நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் 100க்கு 90 பேருக்கு மேல் வாக்களித்த பிறகுதான் அது நீங்கியது.

ஏன் இந்த ஜனங்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்று கேட்டால், கனவான்களிடம் பதில் தயாராக இருக்கிறது. அவர்களுடைய இரத்தமே அப்படி, சுத்தம் தெரியாது, குடிக்கிறார்கள், வீடு கட்டிக் கொடுத்தால் உடைத்துவிடுகிறார்கள், மருந்து கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இந்தப் பல்லவி நமக்குப் புதிதல்ல. சேரியைப் பற்றியும், மில் லயன்களைப் பற்றியும் இதே ராகத்தில் பாடியவர்களை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் கேட்டுக் கோபப்படுவதோடு விட்டுவிடக்கூடாது. சொல்வது உண்மையா பொய்யா என்று உரைத்துப் பார்க்க வேண்டும். நாம் உரைத்துப் பார்த்தோம். பச்சைப் பொய் என்று தெரிந்தது.

வெள்ளையன் கண்ணில் இருந்த நோய்

டிரக்கோமா என்று ஒரு கண்நோய் உண்டு. கிருமியால் வருவது. சின்னக் குழந்தைகளின் கண்ணிலும் மூக்கிலும் வழிகிற நீரில் அந்தக் கிருமி இருக்கும். கைபட்டு, துணிபட்டு, ஈ மொய்த்து அடுத்த குழந்தைக்குப் போகும். ஒருமுறை வந்தால் ஆறிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உள்பக்கம் தழும்பு கட்டிச் சுருங்கும். இமை மயிர் உள்பக்கமாகத் திரும்பும். கண்ணை இமைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மயிர் கருவிழியை உராயும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை கண்ணிமைக்கிறோம்! வருஷக்கணக்காக அப்படி உராய்ந்து உராய்ந்து விழி வெளுத்து, கடைசியில் பார்வை போகும்.

பணக்கார நாடுகள் எல்லாவற்றிலும் ஒழிந்துபோன இந்த நோய், இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் ஆஸ்திரேலியாவில் மட்டும் பூர்வகுடிகளின் ஊர்களில் பரவிக் கிடந்தது. நம்முடைய இந்தியா, எத்தனையோ குறைகள் உள்ள இந்தியா, இது இனி பொதுச் சுகாதாரப் பிரச்னை அல்ல என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரத்தை 2024ல் பெற்றது என்பதையும் சொல்லி வைப்போம்.

இனி இரத்தத்தின் கதைக்கு வருவோம். 19ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையர்களுக்கே இந்தக் கண்நோய் ஏராளமாக இருந்தது. மணல் கண்நோய் என்று அதற்குப் பேர் வைத்து அழைத்தார்கள். வெள்ளைத் தொழிலாளியும் அவன் பிள்ளைகளும் கண் சிவந்து அவதிப்பட்டார்கள். பிறகு அவர்களுக்கு நல்ல வீடு வந்தது. வீட்டுக்குள் குழாய் வந்தது. சோப்பும் துண்டும் வாங்கக் கூலி வந்தது. நோய் போய்விட்டது. இந்த நோயைத் தீர்க்கிற மருந்து கடைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது! வெள்ளையன் இரத்தம் மாறியா போயிற்று? வீடு மாறிற்று. பூர்வகுடியின் வீடு மாறவில்லை. அவனிடம் இருந்த வீட்டையும் நிலத்தையும் நீர்நிலையையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மாவு, சர்க்கரை, தேயிலை

1788ல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் வந்து இறங்கின. அந்தப் பூமி யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்று சட்டம் பேசினார்கள். 1992ல் மாபோ வழக்கின் தீர்ப்பு வரும் வரை, இருநூறு ஆண்டு அந்தப் பொய்தான் சட்டமாக இருந்தது. வடக்கே புல்வெளிகளை மாட்டுப் பண்ணைகளாக வளைத்தார்கள். பண்ணைகளுக்கு ஆள் வேண்டும். நிலத்தை இழந்தவனையே நிலத்தில் வேலைக்கு வைத்தார்கள்.

வேவ் ஹில் என்ற பண்ணை அப்படிப்பட்டது. வடபிரதேசத்தில் குரிண்ட்ஜி என்ற மக்களின் பூமி. 1914 முதல் அது வெஸ்டி கம்பெனியின் கையில் இருந்தது. இந்த வெஸ்டிகள் சாதாரண ஆசாமிகள் அல்ல. லிவர்பூலில் தொடங்கி உலகமெங்கும் இறைச்சி வியாபாரம் செய்த பிரிட்டிஷ் பிரபுக்கள். மாடும் அவர்களுடையது, மாட்டை ஏற்றும் குளிர்பதனக் கப்பலும் அவர்களுடையது, லண்டனில் அதை வெட்டி விற்கும் கசாப்புக் கடையும் அவர்களுடையது.

அந்தப் பண்ணையில் மாடு பிடித்து, வேலி போட்டு, குதிரை பழக்கி, துரைசானிக்குத் துணி துவைத்த குரிண்ட்ஜி மக்களுக்குக் கிடைத்தது என்ன? மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் புகையிலை, மாட்டின் மட்டமான துண்டும் எலும்பும். பணம் என்று கொடுத்தது பேருக்கு ஏதோ. பண்ணையாள் என்றால் என்ன என்பதைக் கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கம்பெனிக்கே ஒரு கட்டத்தில் கவலை வந்தது. ஜனங்கள் செத்துக்கொண்டே போனால் வேலைக்கு ஆள் எங்கே? ஆகவே ரொனால்டு பெர்ண்ட், காதரின் பெர்ண்ட் என்ற ஆராய்ச்சித் தம்பதிகளை 1944ல் தன் பண்ணைகளுக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னது. அவர்கள் 1946 வரை சுற்றிப் பார்த்தார்கள். உணவு போதாது, இருப்பிடம் மனிதர் வாழத் தகுந்ததல்ல, கழிவிடம் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, குழந்தைகள் அளவுக்கு மீறிச் சாகின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி அனுப்பிய ஆட்களே இப்படி எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த விவரங்கள் புத்தகமாகப் பொதுஜனங்கள் பார்வைக்கு வந்தது எப்போது? 1987ல்! நாற்பது ஆண்டு கழித்து.

ஆகவே சோற்றையும் தண்ணீரையும் கூரையையும் யார் மறுத்தார்களோ, அவர்களுடைய காகிதத்திலேயே வாக்குமூலம் இருக்கிறது. அங்கே சர்க்கரை வியாதி இன்றைக்கு ஏன் இவ்வளவு என்று வியக்கும் டாக்டர்கள் அந்த ரேஷன் பட்டியலைத் திரும்பப் படிக்க வேண்டும். வேட்டையும் கிழங்கும் பழமும் தின்று ஓடியாடி வாழ்ந்தவர்களை வேலி கட்டித் தடுத்து, மூன்று தலைமுறை மாவும் சர்க்கரையும் ஊட்டி வளர்த்துவிட்டு, உன் உடம்பு ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

வேலைநிறுத்தம் கொண்டுவந்த வைத்தியம்

இந்தக் கொடுமையை அவர்கள் வாய்மூடி ஏற்கவில்லை. 1946 மே 1ந் தேதி, ஆம், மே தினத்தன்று, மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பாரா பகுதிப் பண்ணைகளில் சுமார் 800 பூர்வகுடித் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். எழுத்தறியாத தோழர்களுக்கு நாள் தெரிய வேண்டும் என்று காலண்டரில் குறி போட்டுப் பண்ணை பண்ணையாக இரகசியமாக அனுப்பினார்கள். 1949 வரை அந்தப் போராட்டம் நீடித்தது. அந்தப் பகுதிக் கம்பளியைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று மாலுமிகள் சங்கம் கை கொடுத்தது.

இருபது ஆண்டு கழித்து வேவ் ஹில்லின் முறை வந்தது. 1966 மார்ச்சில் தொழில் கமிஷன் ஒரு தீர்ப்புக் கூறியது: மாட்டுப் பண்ணைகளில் பூர்வகுடிக்கும் வெள்ளையனுக்கும் சமக் கூலி. ஆனால் உடனே அல்ல. 1968 டிசம்பரில்தான் அமலுக்கு வரும்! பண்ணை முதலாளிகள் சமாளித்துக்கொள்ள அவகாசம் வேண்டுமாம். பசிக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள்? 1966 ஆகஸ்ட் 23ந் தேதி, வின்சென்ட் லிங்கியாரி என்ற குரிண்ட்ஜித் தலைவர் முன்னே நடக்க, மாடு மேய்ப்பவர்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் குழந்தைகளுமாக சுமார் 200 பேர் பண்ணையைவிட்டு வெளியேறினார்கள். முதலில் ஆற்றங்கரையில் தங்கினார்கள். அடுத்த ஆண்டு வாட்டி ஓடைக்கரைக்குப் போய், டாகுராகு என்ற தங்கள் பழைய இடத்தில் குடிசை போட்டார்கள். கூலியை உயர்த்தித் தருகிறோம், திரும்பி வாருங்கள் என்று கம்பெனி பேசிப் பார்த்தது. கூலி மட்டுமல்ல, பூமியே எங்களுடையது என்று பதில் வந்தது.

இதில் ஒரு முன்யோசனை இருந்ததைப் பிற்பாடு எல்லோரும் பார்த்தார்கள். 1968ல் சமக் கூலி அமலுக்கு வந்ததும், சமக் கூலி கொடுக்க மனமில்லாத எத்தனையோ பண்ணைக்காரர்கள் பூர்வகுடிக் குடும்பங்களை மூட்டை முடிச்சோடு வெளியே தள்ளினார்கள். வேலிக் கம்பியும் ஹெலிகாப்டரும் ஆளுக்குப் பதிலாக வந்தன. வெளியேற்றப்பட்டவர்கள் டவுன்களின் ஓரத்தில் தகரத்தையும் சாக்கையும் கட்டிக்கொண்டு நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நோய்க்கு அதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. கூலியை வென்றும் காலடியில் நிலம் இல்லாதவன் கதி இது.

இனி கண் நோய்க்கும் வேலைநிறுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்கிறோம். கம்யூனிஸ்ட் எழுத்தாளர் பிராங்க் ஹார்டி, வேவ் ஹில்லுக்குப் போய்த் தங்கி, திரும்பி வந்து நகரத்துத் தொழிலாளிகளிடமும் மாணவர்களிடமும் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசினார். சிட்னியில் அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர் பிரெட் ஹாலோஸ் என்ற கண் டாக்டர். நியூஜிலாந்தில் பிறந்தவர், அவரும் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1968ல் அவர் குரிண்ட்ஜி மக்களின் முகாமுக்கே போனார். போராட்டத்துக்கு ஆதரவு சொல்லப் போனவர், பெரியவர்களின் இமையைப் புரட்டிப் பார்த்து அதிர்ந்து போனார். புத்தகத்தில் மட்டும் இருக்கிறது என்று நினைத்த நோய் ஊரெல்லாம் இருந்தது.

1971ல் சிட்னியின் ரெட்பெர்ன் பகுதியில், ஒரு கடையைப் பிடித்து, பூர்வகுடி மக்களே நடத்துகிற முதல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. கார்டன் பிரிஸ்கோ, ஷெர்லி ஸ்மித் போன்ற பூர்வகுடிப் போராளிகளும் ஹாலோஸும் சேர்ந்து செய்த வேலை. டாக்டர்கள் சம்பளம் வாங்காமல் முறை போட்டு வந்தார்கள். ஏன் தனி வைத்தியசாலை? பெரிய ஆஸ்பத்திரியில் நுழைந்தால் அவமானம். ஆகவே நோய் முற்றிய பிறகுதான் போவார்கள். தங்கள் ஆட்கள் நடத்துகிற இடம் என்றதும் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்று அந்த மாதிரி வைத்தியசாலை அமைப்புகள் நாடெங்கும் 140க்கு மேல் இருக்கின்றன.

1976 முதல் 1978 வரை ஹாலோஸ் ஒரு படையைத் திரட்டிக்கொண்டு வனாந்தரம் முழுவதும் சுற்றினார். 465 ஊர்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் கண் பரிசோதனை. அவர்களில் 62,000 பேர் பூர்வகுடிகள். போன இடத்திலேயே ஆபரேஷன் செய்தார்கள், கண்ணாடி கொடுத்தார்கள். மருந்தும் கத்தியும் போதாது, தண்ணீரும் வீடும் வேண்டும் என்று ஓயாமல் சத்தம் போட்ட மனிதர் அவர். 1993ல் காலமானார். 2008ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது: பார்வை இழப்பு பூர்வகுடிப் பெரியவர்களிடையே மற்றவர்களைப் போல் 6 மடங்கு. 2016ல் அது 3 மடங்கு. குறைந்திருக்கிறது; சந்தோஷம்தான். ஆனால் மூன்று மடங்கு என்பது சமத்துவமா?

குற்றவாளி யார் என்று பிட்டர் கண்டுபிடித்தார்

நிலமும் வந்தது. 1975 ஆகஸ்ட் 16ந் தேதி பிரதமர் விட்லம் டாகுராகுவுக்கு வந்து, ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் போட்டார். அந்தப் போட்டோ உலகப் பிரசித்தம். அடுத்த ஆண்டு வடபிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1986ல் டாகுராகு முழு உரிமையாகக் கிடைத்தது. ஆனால் ஒரு பிடி மண்ணில் வீடும் குழாயும் சாக்கடையும் கூடவே வந்துவிடுவதில்லை. அதுதான் இன்றையப் போராட்டம்.

இங்கே யாமி லெஸ்டர் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென் ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தைச் சேர்ந்த யாங்குனிஜாஜாரா இனத்தவர். மாடு மேய்க்கும் தொழிலாளி. 1953 அக்டோபரில் பிரிட்டிஷ் சர்க்கார் எமு பீல்டு என்ற இடத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. தன் நாட்டில் அல்ல, இவர்கள் நாட்டில். ஒரு கறுப்புப் புகைமண்டலம் ஊர்மேல் உருண்டு வந்தது. அப்போது லெஸ்டர் சிறுவன். கண் நோவெடுத்தது, பிற்பாடு இரு கண்களும் போயின. அந்தப் புகைதான் காரணம் என்று 2017ல் சாகும் வரை சொன்னார். அவரைப் போன்றவர்கள் விடாமல் பேசியதால்தான் 1984ல் விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது.

இந்தக் கண்ணிழந்த மனிதர், ஙானம்பா என்ற மக்கள் சுகாதார அமைப்பின் பொறுப்பில் இருந்தபோது, 1985ல் ஒரு டாக்டரையும் ஒரு கட்டடக் கலைஞரையும் ஒரு மானிட இயல் அறிஞரையும் கூப்பிட்டு, நோய்க்கு மருந்து கொடுத்துச் சலித்துவிட்டது, நோயே வராமல் இருக்க என்ன வழி என்று கேட்டார். அவர்கள் வீடு வீடாகப் புகுந்து பார்த்தார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தினமும் குளிப்பாட்ட முடிகிறதா? துணி துவைக்க முடிகிறதா? கழிவறை ஓடுகிறதா? சமைக்க அடுப்பு இருக்கிறதா? கையில் ஸ்பானரும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு போய், சரிசெய்யக்கூடியதை அன்றைக்கே சரி செய்தார்கள். அந்த முறை பல பகுதிகளுக்குப் பரவி, 7,000க்கு மேற்பட்ட வீடுகளைச் சோதித்தார்கள்.

சோதித்தபோது, 100 வீட்டில் 35 வீட்டில்தான் குளியல் குழாய் வேலை செய்தது. 58 வீட்டில்தான் கழிவறை வேலை செய்தது. மின்சாரம் ஆபத்தில்லாமல் இருந்த வீடு சுமார் 10தான். சரி, ஏன் கெட்டுப் போயின? குடியிருப்பவர்கள் உடைத்துவிட்டார்களா? இதற்கும் கணக்கு எடுத்தார்கள். கோளாறுகளில் 100க்கு 70, வழக்கமான பராமரிப்பைச் செய்யாததால் வந்தவை. 21, கட்டும்போதே கான்டிராக்டர் ஒழுங்காகக் கட்டாததால் வந்தவை. குடியிருப்பவர்களால் கெட்டவை 9!

மில்லில் மெஷினுக்கு எண்ணெய் போடாமல், பிட்டரை வேலையைவிட்டு நீக்கிவிட்டு, மெஷின் நின்றால் தொழிலாளி உடைத்தான் என்று சார்ஜ் ஷீட் கொடுக்கிற மானேஜர்களை நம் தோழர்களுக்குத் தெரியும். அதே சார்ஜ் ஷீட்தான் ஒரு ஜனசமுதாயத்தின் மீது நூறு ஆண்டாக வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் இப்படி ரிப்பேர் செய்யப்பட்ட வீடுகளையும் செய்யப்படாத வீடுகளையும் பத்தாண்டு ஒப்பிட்டார்கள். ரிப்பேர் செய்த வீட்டுக்காரர்கள் தொற்று நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேருவது 40 சதவிகிதம் குறைவாக இருந்தது. குழாய் ரிப்பேரினால்! இதைவிட வேறு என்ன ருசு வேண்டும்?

குளிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் அது சொறி சிரங்கோடு நிற்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் நெருங்கிப் படுக்கிறார்கள். ஒரு குழந்தையின் சிரங்கு எல்லோருக்கும் ஒட்டுகிறது. சொறிந்த புண்ணிலும் தொண்டையிலும் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்ற கிருமி குடியேறுகிறது. அதை எதிர்த்துச் சண்டை போடப் போன உடம்பு, தவறிப்போய்த் தன் மூட்டையும் இருதயத்தையுமே தாக்குகிறது. மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் போகும், இருதய வால்வில் தழும்பு நிற்கும். மறுபடி காய்ச்சல் வந்தால் தழும்பு இன்னும் பெரிதாகும். பத்து வயதுப் பிள்ளைக்கு வால்வு ஆபரேஷன். மறுபடி வராமல் இருக்க, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருஷக்கணக்காக. 2017 முதல் 2021 வரை ஆஸ்திரேலியாவில் பதிவான ருமாட்டிக் காய்ச்சலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த 100க்கு 4 பேரின் வீடுகளில் வந்தவை. ஊசிக்கு ஒழுங்காக வருவதில்லை என்று பிள்ளையைக் கண்டிக்கிறார்கள். அந்தப் பிள்ளை படுக்கிற வீட்டை யார் கண்டிப்பது?

கண்டிக்கச் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் சான்டா தெரேசா என்ற ஊர். அங்கே வீடுகளுக்குச் சொந்தக்காரன் சர்க்கார், வாடகையும் வாங்கிக்கொள்கிறது. சுமார் 70 குடித்தனக்காரர்கள் 2016ல் சர்க்கார்மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி, ஐந்து ஆண்டுக்கு மேல் பின்கதவே இல்லாத வீட்டில் இருந்தவர். பாம்பும் நாயும் நுழையும், குடிகாரனும் நுழையலாம். உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், குடித்தனக்காரர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது 2023 நவம்பரில். ஒரு கதவுக்கு ஏழு வருஷம் வழக்கு! லராம்பா என்ற இன்னொரு ஊரில், குடிதண்ணீரில் யுரேனியம் அனுமதித்த அளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது பல வருஷமாகத் தெரிந்திருந்தும், சுத்திகரிப்பு நிலையம் வந்தது 2023ல்தான். சிட்னியின் பணக்காரத் தெருவில் இப்படித் தண்ணீர் வந்திருந்தால் எத்தனை நாள் பொறுத்திருப்பார்கள்? நாள் கணக்குக்கூட இல்லை, மணிக்கணக்குத்தான் என்போம்.

சிறுநீரகம் கெட்டுப் போனவர்கள் கதை இன்னும் உருக்கமானது. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் வாரத்துக்கு மூன்று நாள் உட்கார வேண்டும். மெஷின் இருப்பது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். கின்டோர் என்ற பாலைவன ஊரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். ஊரையும் உறவையும் விட்டுவிட்டு டவுனில் அகதி போலக் கிடந்து சாக வேண்டும். அல்லது ஊரிலேயே மெஷின் இல்லாமல் சாக வேண்டும். மெஷினை ஊருக்குக் கொண்டுவரச் செலவாகும் என்றது சர்க்கார். அந்த ஜனங்கள் ஓவியக்காரர்கள். பிண்டுபி இனத்து ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து பெரிய பெரிய படங்கள் வரைந்து, 2000ல் சிட்னியில் ஏலம் போட்டார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004ல் கின்டோரில் மெஷின் வந்தது. அந்த மக்களின் திறமைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால், சுரங்கத்திலிருந்து கோடி கோடியாக அள்ளுகிற நாட்டில், சிறுநீரக வைத்தியத்துக்கு நோயாளி படம் வரைந்து விற்க வேண்டியிருந்தது என்ற வெட்கக்கேட்டையும் சொல்லாமல் விடமாட்டோம்.

பணம் இல்லையா? அவர்களுக்குச் சேர வேண்டிய பணமே எங்கே போயிற்று என்று பாருங்கள். குவீன்ஸ்லாந்தில் பூர்வகுடித் தொழிலாளிகளின் கூலியைச் சர்க்காரே வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, தர மறுத்த காலம் உண்டு. திருடப்பட்ட கூலி என்று இன்று எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். வழக்குப் போட்ட பிறகு, 2019ல் 19 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். வடபிரதேசத் தொழிலாளிகளுக்கு 18 கோடி டாலர் வரை தர மத்திய சர்க்கார் ஒத்துக்கொண்டது 2024ல். உழைத்தவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போன பிறகு.

சர்க்கார் வாக்குறுதி கொடுக்காமல் இல்லை. 2008ல் பிரதமர் கெவின் ரட் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளைத் தாய்மார்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போன கொடுமைக்காக. ஆயுள் வித்தியாசத்தை 2031க்குள் இல்லாமல் செய்வதாகவும் சர்க்கார் இலக்கு வைத்தது. மன்னிப்பை நாம் கேலி செய்யவில்லை. அந்தத் தாய்மார்கள் கண்ணீரோடு கேட்ட வார்த்தை அது. ஆனால் பூர்வகுடிகளின் யோசனையைக் கேட்க அரசியல் சட்டத்தில் ஒரு சபை வேண்டும் என்ற சாதாரணக் கோரிக்கையை, 2023 அக்டோபர் 14ந் தேதி வாக்கெடுப்பில் 100க்கு 60 பேர் நிராகரித்தார்கள். 1967ல் 90 பேர் கைதூக்கிய அதே நாடு! நடுவே எத்தனை பத்திரிகைகள், எத்தனை சீமான்கள் பயத்தை விதைத்தார்கள் என்பது தனிக் கதை.

2024 மார்ச்சில், வடபிரதேசத்தின் தொலைதூர ஊர்களில் பத்தாண்டில் 2,700 வீடு கட்ட 400 கோடி டாலர் ஒதுக்குவதாக மத்திய சர்க்காரும் பிரதேச சர்க்காரும் ஒப்பந்தம் செய்தன. நெருக்கடியைப் பாதியாகக் குறைப்பார்களாம். கட்டட்டும். கேள்வி, அடுத்த நாள் காலையில் குழாய் ஒழுகினால் யார் வருவது என்பதுதான். 500 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கான்டிராக்டர் எப்போதாவது வந்து, பில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவாரா? அல்லது அந்தந்த ஊர் இளைஞர்களுக்கே தொழில் கற்றுக் கொடுத்து, ஸ்பானரைக் கையில் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்து, ஊர்ச் சுகாதார அமைப்பின் கீழ் வேலைக்கு வைப்பார்களா? ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷக் கணக்கிலும் நாம் முதலில் பார்க்கப் போவது எத்தனை வீடு கட்டினார்கள் என்பதை அல்ல. மூன்று வருஷம் கழித்து அவற்றில் எத்தனை வீட்டில் குளியல் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது என்பதைத்தான்.